கிரியாட்டினின் ஏறுகிறது… வைரஸா, ரிஜெக்‌ஷனா?

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஊர் வேறு, மாத்திரை வேறு என்றாலும், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டினால் கிருமி, குறைத்தால், உடல் புதுக் கிட்னியை ஏற்காமல் தாக்கும் ரிஜெக்‌ஷன் என்ற ஒரே பயம்தான் பல கடிதங்களில் தெரிகிறது. அந்தப் பயம் நியாயமானது. அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும். கிரியாட்டினின் என்பது கிட்னி வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு, அது ஏறினால் கிட்னியின் வேலை குறைகிறது என்று பொருள்.

கேள்வி: என் கணவருக்கு வயது 38. ஏழு மாதம் முன்பு அவருடைய அம்மா கிட்னி கொடுத்தார். 1.2 இருந்த கிரியாட்டினின் இப்போது 1.7. ரத்தத்தில் பி.கே. வைரஸ் 24,000 இருக்கிறதென்று சொல்லி, மைக்கோபினோலேட் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார் டாக்டர். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் நன்றாகப் போகிறது. கிருமிக்கு மருந்து கொடுக்காமல், கிட்னியைக் காப்பாற்றும் மருந்தைக் குறைப்பது எப்படிச் சரியாகும்? "என் கிட்னியோடுதான் இந்தக் கிருமியும் வந்ததா?" என்று அத்தை கேட்டுக் கேட்டு அழுகிறார்.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அத்தைக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். அவருடைய கிட்னியோடு வந்திருக்கலாம். ஆனால் அதில் அவர் தவறு துளியும் இல்லை. பி.கே. வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. சாதாரணச் சளிபோல வந்து போகும், அல்லது வந்ததே தெரியாது. அதன்பிறகு சிறுநீரகத்திலும் சிறுநீர்க் குழாயின் உட்சவ்விலும் ஒதுங்கி, ஆயுள் முழுக்க உறங்கிக் கிடக்கும். எதிர்ப்பு சக்தி சரியாக இருக்கிறவரை அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தானம் தர வருகிறவர் உடலில் இந்த வைரஸ் இருக்கிறது என்பதற்காக எந்த மருத்துவமனையும் அவரைத் திருப்பி அனுப்புவதில்லை. அப்படி அனுப்பினால் தானம் தர ஆளே மிஞ்சமாட்டார்கள். அத்தை கொடுத்தது நல்ல கிட்னிதான், அதை அவரிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

இந்த வைரஸை முதலில் கண்டுபிடித்ததே சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரிடம்தான். 1971-இல், லண்டனில் சிகிச்சை பெற்ற சூடான் நாட்டவர் ஒருவரின் சிறுநீரில் அது கிடைத்தது. அவர் பெயரின் முதல் எழுத்துகளையே வைரஸுக்கு வைத்தார்கள். அதே 1971-இல்தான் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. அன்றைய மருந்துகளின் காலத்தில் பி.கே. பெரிய தொல்லையாக இல்லை. 1990-களில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸும் மைக்கோபினோலேட்டும் சேர்ந்து வந்தபோது ரிஜெக்‌ஷன் வெகுவாகக் குறைந்தது, உறங்கிக் கிடந்த இந்த வைரஸ் விழித்துக்கொண்டது.

இனி, மருந்தை ஏன் குறைக்கிறார்கள் என்று பார்ப்போம். பி.கே. வைரஸைக் கொல்லும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ ஊசியோ இன்றுவரை இல்லை. லீவோஃப்ளாக்சசின் கொடுத்துப் பார்த்தார்கள். முறையான ஆய்வில் பலன் இல்லையென்று தெரிந்துவிட்டது. லெஃப்ளுனோமைடு, சிடோஃபோவிர் இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை, இதில் சிடோஃபோவிர் கிட்னியையே கெடுக்கக்கூடியது. இதை அடக்க வல்லது உங்கள் கணவரின் சொந்த டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள்தான். அவற்றின் கையை அவர் சாப்பிடும் மாத்திரைகள் கட்டி வைத்திருக்கின்றன, அந்தக் கட்டைக் கொஞ்சம் தளர்த்துவதுதான் இங்கே சிகிச்சை. மைக்கோபினோலேட்டைக் குறைத்ததால், கிருமிக்கு மருந்து கொடுக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பொதுவாக நடக்கும் வரிசை இது. காலை 1 கிராம், இரவு 1 கிராம் என்றிருந்த மைக்கோபினோலேட் 500, 500 ஆகும். இரண்டு மூன்று வாரம் கழித்தும் வைரஸ் இறங்காவிட்டால், டாக்ரோலிமஸ் லெவலை 4-6 நானோகிராம் அளவுக்குக் கொண்டுவருவார்கள், சிலருக்கு அதற்கும் கீழே. அதுவும் போதாவிட்டால் மைக்கோபினோலேட்டை அடியோடு நிறுத்துவதுண்டு. சில மருத்துவமனைகளில் டாக்ரோலிமஸை முதலில் குறைத்து, மைக்கோபினோலேட்டை அடுத்துக் குறைப்பார்கள். இரண்டும் ஏற்கப்பட்ட வழிகளே. தினம் காலையில் போடும் 5 மி.கி. ஸ்டீராய்டு மாத்திரையில் மட்டும் பொதுவாகக் கைவைக்கமாட்டார்கள். "அதுவும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துதானே" என்று வீட்டில் யாராவது அதை நிறுத்திவிடக் கூடாது.

இந்தக் காலத்தில் கிரியாட்டினினை வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறையும், ரத்தத்தில் வைரஸை எண்ணும் பி.சி.ஆர். பரிசோதனையை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைப் படிப்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். 24,000 என்பது 18,000 ஆனால் குறைந்ததாகக் கொண்டாட வேண்டியதில்லை, 30,000 ஆனால் இடிந்துபோகவும் வேண்டாம். இந்தப் பரிசோதனையில் ஒரே ரத்தத்தை இருமுறை பார்த்தாலே அவ்வளவு வித்தியாசம் வரலாம். மூன்று மடங்குக்கு மேல் இறங்கினாலோ ஏறினாலோதான் அது உண்மையான மாற்றம். 24,000 என்பது 2,400 ஆனால் நல்ல செய்தி. ஆய்வகம் மாறினாலும் எண் மாறும், ஆகவே கடைசிவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். முழுதாக இறங்க வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆகும்.

காய்ச்சலும் வலியும் இல்லாதது உங்களைக் குழப்புகிறது. பி.கே.யின் வழக்கமே அப்படித்தான். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் செங்கல் அடுக்கியதுபோல இருக்கும் செல்களுக்குள் அது பெருகும். செல் வீங்கி, பிய்ந்து, சிறுநீரில் விழும். அந்த இடம் வெறுமையாகி, பிறகு தழும்பாகும். இதில் எதுவும் வலிக்காது, சிறுநீரின் அளவும் குறையாது. தழும்பான இடம் திரும்ப வராது என்பதால்தான் கிரியாட்டினின் ஏறும்வரை காத்திராமல் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறார்கள். முதல் ஒன்பது மாதம் மாதம் ஒருமுறை, அதன்பின் இரண்டு வருடம் ஆகும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பி.கே. பார்ப்பது இப்போதைய பரிந்துரை. வைரஸ் முதலில் சிறுநீரில் தெரியும், சில வாரம் கழித்து ரத்தத்தில் வரும், அதற்குப் பிறகுதான் கிட்னியைத் தாக்கும். சிறுநீரில் தெரிகிற எல்லோருக்கும் அது ரத்தம்வரை போவதில்லை. ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 10,000 காப்பியைத் தாண்டினால் கிட்னிக்குள் பாதிப்பு தொடங்கியிருக்கலாம் என்று வைத்துக்கொண்டு மருத்துவர்கள் சிகிச்சையில் இறங்குகிறார்கள். உங்கள் கணவருக்கு நடந்ததும் அதுதான்.

1.7 மறுபடியும் 1.2 ஆகுமா என்று அடுத்து கேட்பீர்கள். சிலருக்கு ஆகிறது. பலருக்கு 1.4, 1.5 என்று ஓரிடத்தில் நின்று, அப்படியே பல வருடம் ஓடுகிறது.

கேள்வி: ரத்தத்திலேயே வைரஸ் தெரிந்துவிட்டது. அப்புறமும் பயாப்ஸி (கிட்னியிலிருந்து சதைத் துணுக்கு) எடுக்க வேண்டுமென்கிறார்கள். புதுக் கிட்னியில் ஊசி குத்தினால் கெட்டுப்போகாதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வைரஸ் இருக்கும்போதே ரிஜெக்‌ஷனும் இருக்கலாம் என்பதால்தான் கேட்கிறார்கள். இரண்டிலும் கிரியாட்டினின் ஏறும். நுண்ணோக்கியில் பார்த்தாலும் இரண்டிலும் நுண்குழாய்களுக்குள் வெள்ளை அணுக்கள் நுழைந்திருக்கும், அழற்சி ஒன்றுபோலவே தெரியும். ஆனால் வைத்தியம் நேர் எதிர். ரிஜெக்‌ஷன் என்றால் மெத்தில் பிரட்னிசலோன் ஸ்டீராய்டை 500 மி.கி. வரை மூன்று நாள் நரம்பில் ஏற்றுவார்கள். வைரஸ் இருக்கிற கிட்னியில் அதைச் செய்தால் வைரஸுக்குத் தீனி போட்டதாகும். ரிஜெக்‌ஷன் இருக்கிற கிட்னியில் வைரஸ் என்று நினைத்து மருந்தைக் குறைத்தால் கிட்னியே போய்விடும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது எஸ்.வி.40 என்ற சாயப் பரிசோதனை. வைரஸ் புகுந்த செல்லின் கரு அதில் பழுப்பாக ஏறி நிற்கும். ஒரு சிக்கல் உண்டு. பி.கே. பாதிப்பு கிட்னி முழுக்கச் சீராகப் பரவாது, திட்டுத்திட்டாக இருக்கும், உள்பகுதியான மெடுல்லாவில்தான் அதிகம். ஊசி வெளிப்பகுதியை மட்டும் எடுத்து வந்தால் "வைரஸ் இல்லை" என்று தவறான அறிக்கை வரும். அதனால்தான் குறைந்தது இரண்டு துண்டு, அதில் ஒன்றிலாவது மெடுல்லா இருக்கும்படி எடுக்கிறார்கள். "ஒருமுறை குத்தியதே போதாதா" என்று அந்த நேரத்தில் தடுக்காதீர்கள்.

புதுக் கிட்னி அடிவயிற்றில், தோலுக்குச் சற்று கீழேயே இருக்கிறது. ஆகவே மல்லாக்கப் படுக்கவைத்து, ஸ்கேனில் பார்த்தபடியே, மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரை எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும். முடிந்ததும் சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். அதன்பின் போகும் சிறுநீரை ஒவ்வொரு முறையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வரிசையாக வையுங்கள். முதல் குப்பி லேசாகச் சிவந்து, அடுத்தடுத்த குப்பிகள் வெளிறிக்கொண்டே வந்தால் பயமில்லை. போகப்போகச் சிவப்பு கூடினாலோ, கட்டி வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 50, எடை 60 கிலோ. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் வால்கான்சிக்ளோவிர் சாப்பிட்டார். நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. இப்போது ஒரு வாரமாகப் பேதி, மாலையில் காய்ச்சல், சாப்பாடு பிடிக்கவில்லை. வெள்ளை அணு 2,400. கிரியாட்டினின் 1.6. சி.எம்.வி. என்கிறார்கள். தடுப்பு மாத்திரை சாப்பிட்டும் ஏன் வந்தது? ரத்தப் பரிசோதனையில் வைரஸ் மிகக் குறைவு என்றும் வந்திருக்கிறது.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடலில் சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) ஏற்கெனவே இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறவரை அது தலை தூக்காது, நிறுத்தியதும் சிலருக்குத் தூக்கும். நிறுத்திய முதல் மூன்று மாதம் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய காலம். காய்ச்சல், பேதி, வெள்ளை அணு இறக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது சி.எம்.வி.யைத்தான்.

ரத்தத்தில் குறைவாக இருப்பதை நம்பி விட்டுவிடக் கூடாது. குடலை மட்டும் தாக்கும் சி.எம்.வி.யில் ரத்தப் பரிசோதனை இல்லையென்றே வரலாம். பேதி நிற்காவிட்டால் குடலுக்குள் கேமரா விட்டு, புண் இருக்கும் இடத்தில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். மைக்கோபினோலேட் மாத்திரையே பேதியை உண்டாக்கும் என்பதால் இந்தப் பரிசோதனை இன்னும் அவசியமாகிறது. பேதியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. குடல் புண்ணாகும்போது டாக்ரோலிமஸ் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்தில் ஏறும். நீர்ச்சத்தும் வற்றும், டாக்ரோவும் கூடும், இரண்டும் சேர்ந்து கிரியாட்டினினை உயர்த்தும். இரண்டு மூன்று நாளைக்கு மேல் பேதி போனால் டாக்ரோ லெவல் பார்த்தே ஆக வேண்டும். உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சிகிச்சை கான்சிக்ளோவிர் ஊசி, அல்லது வால்கான்சிக்ளோவிர் மாத்திரை. பேதி அதிகமாக இருக்கும்போது மாத்திரை சரியாக உடலில் சேராது, அதனால் ஊசியில் தொடங்குவார்கள். மாத்திரையின் அளவில்தான் நிறைய தவறு நடக்கிறது. அது கிரியாட்டினின் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவாவதில்லை. வயது, எடை, ஆணா பெண்ணா எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்று பார்க்க வேண்டும். அது 60-க்கு மேல் என்றால் 900 மி.கி. இருவேளை. 40-59 என்றால் 450 இருவேளை. 25-39 என்றால் 450 ஒருவேளை. 10-24 என்றால் 450 ஒருநாள் விட்டு ஒருநாள். உங்கள் அப்பாவுக்குக் கணக்கிட்டால் 47 வருகிறது, ஆகவே 450 இருவேளை. அதே 1.6 கிரியாட்டினினோடு 55 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு அம்மாவுக்கு 28தான் வரும், அவருக்கு 450 ஒருவேளை போதும். பக்கத்துப் படுக்கைக்காரர் சாப்பிடும் அளவைப் பார்த்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பது இதிலிருந்து தெரியும். கிரியாட்டினின் மாறினால் இந்தக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அந்தப் பொடி தோலில் படுவதே நல்லதல்ல, கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

வால்கான்சிக்ளோவிரே வெள்ளை அணுவைக் குறைக்கும். எண்ணிக்கை இறங்கியதும் பயந்து அதைப் பாதியாக்குவது பெரிய தவறு. அரைகுறை அளவில்தான் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. அப்படிப் பழகிவிட்டால் அடுத்து எடுக்க வேண்டிய மருந்துகள் விலையிலும் பக்கவிளைவிலும் மிகக் கடுமையானவை. மைக்கோபினோலேட், செப்ட்ரான் போன்ற வேறு மாத்திரைகளை முதலில் குறைக்கலாமா, வெள்ளை அணுவை ஏற்றும் ஊசி போடலாமா என்று மருத்துவர் பார்ப்பார். விலைக்குப் பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போது மனம் கனக்கிறது. தயவுசெய்து மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு கம்பெனி மாத்திரை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட உதவி மையம், மருத்துவமனையின் சமூகப் பணியாளர் என்று வழி தேடலாம். சிகிச்சை குறைந்தது இரண்டு வாரம். வாராவாரம் ரத்தம் பார்த்து, வைரஸ் மறைந்த பிறகுதான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: எனக்கு மாற்று செய்து மூன்று வருடம். நேற்று முதல் இடுப்பின் ஒரு பக்கம் தீப்பட்டதுபோல எரிச்சல், இன்று கொப்புளம் வரிசையாக வந்திருக்கிறது. அக்கி என்கிறார்கள். எங்கள் ஊரில் குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டால் இறங்கிவிடும். அது போதுமா?
— வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: போதாது. இதைப் படிப்பதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பின் வேரில் ஒளிந்திருந்து, பல வருடம் கழித்து அந்த நரம்பு போகும் பாதையிலேயே மேலே வருவதுதான் அக்கி. எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கு அது தானாகவே சில வாரத்தில் காய்ந்துவிடும், எழுதினாலும் எழுதாவிட்டாலும். உங்களுக்கு அப்படி அல்ல. ஒரு நரம்பின் எல்லையைத் தாண்டி உடல் முழுக்க, நுரையீரல், ஈரல்வரை பரவக்கூடும். காவிமண்ணைக் கொப்புளத்தின் மேல் பூசினால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. கொப்புளம் உடைந்த இடத்தில் மண் போய்ச் சீழ் பிடிக்கும்.

கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. உங்களைப் போன்றவர்களுக்கு அது தாண்டினாலும் தொடங்கத்தான் வேண்டும். வாலசைக்ளோவிர் 1,000 மி.கி. மூன்று வேளை, அல்லது அசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு ஐந்து முறை என்பது நன்றாக வேலை செய்யும் கிட்னிக்கான அளவு. கிட்னியின் திறன் குறைவாக இருந்தால் குறைக்க வேண்டும். குறைக்காமல் சாப்பிட்டால் பேச்சுக் குழறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், நேரம் காலம் புரியாது. வீட்டில் இருப்பவர்கள் இதை மூளைக்கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். மருந்து கிட்னிக்குள் படிகமாகப் படியாமல் இருக்கத் தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள்.

மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்குப் போகிறதென்று அர்த்தம், அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதில் வந்தாலும், உடலின் இரண்டு பக்கமும் வந்தாலும், மூச்சு வாங்கினாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பில் மருந்து ஏற்றுவார்கள். வலிக்காக டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம், பாராசிட்டமால் சாப்பிடலாம். கொப்புளம் பொருக்காகிக் காயும்வரை துணியால் மூடி வையுங்கள். அம்மை வராத குழந்தையும் கர்ப்பிணியும் அதைத் தொட வேண்டாம்.

ஆறிய பிறகு தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லை, ஆகவே மாற்று செய்துகொண்டவர்களும் போடலாம். இரண்டு தவணை. விலை அதிகம்தான்.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்குக் கிட்னி மாற்று செய்து ஒரு வருடம். பேரனுக்குச் சொட்டு மருந்து போட்டால் எனக்கு ஆபத்தா?
— வாசகி, மதுரை

பதில்: பேரனுக்குத் தடுப்பூசி எதையும் தள்ளிப்போட வேண்டாம். அவனுக்கு நோய் வராமல் இருப்பதே உங்களுக்கும் பாதுகாப்பு. வாயில் விடும் போலியோ சொட்டில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது, அது குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். ஆகவே உங்கள் நிலையைக் குழந்தை மருத்துவரிடம் சொல்லி, சொட்டுக்குப் பதிலாக ஊசி போலியோ போட முடியுமா என்று கேளுங்கள். ஏற்கெனவே சொட்டு கொடுத்தாகிவிட்டதென்றால் பதற வேண்டாம். சில வாரம் அவனுக்குக் கால் கழுவிவிடுவது, ஈரத்துணி மாற்றுவது, துணி அலசுவது எல்லாம் மகளோ மாப்பிள்ளையோ செய்யட்டும். ஆறு, பத்து, பதினான்காவது வாரத்தில் கொடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டுக்கும் இதே முறைதான். தூக்கிக் கொஞ்சுங்கள், கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒன்பதாவது மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியால் உங்களுக்கு ஒன்றும் வராது.

உங்களுக்கு உயிருள்ள வைரஸ் கொண்ட எந்தத் தடுப்பூசியும் கூடாது. சின்னம்மைத் தடுப்பூசி, தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல், மூக்கில் அடிக்கும் ஃப்ளூ மருந்து இதெல்லாம் அதில் அடங்கும். ஊசியாகப் போடும் ஃப்ளூ தடுப்பு வருடம் ஒருமுறை, நிமோனியாத் தடுப்பூசி, ஹெபடைடிஸ் பி இவை போடலாம், போட வேண்டும்.

கேள்வி: டாக்ரோ லெவல் 16 வந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த முறை 3.8. கிரியாட்டினினும் ஏறியிருக்கிறது. எங்கே தவறு?
— வாசகர், சேலம்

பதில்: முதல் ரத்தம் கொடுத்த அன்று காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனீர்களா என்று யோசித்துப் பாருங்கள். டாக்ரோ லெவல் என்பது இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுக்கும் ரத்தம். இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு. மாத்திரையைப் பையில் எடுத்துப் போய், ரத்தம் கொடுத்த கையோடு விழுங்க வேண்டும். முன்பே விழுங்கிவிட்டால் உச்ச அளவு வரும், அதைப் பார்த்து மருந்தைக் குறைப்பார்கள், ரிஜெக்‌ஷனுக்குக் கதவு திறக்கும். தவறி விழுங்கிவிட்டால் ரத்தம் கொடுக்காமல் திரும்பி, மறுநாள் போங்கள்.

அந்த நாட்களில் வேறு மருந்து சாப்பிட்டீர்களா என்பதும் முக்கியம். படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல், தொண்டைக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், கோவிட்டுக்கான பாக்ஸ்லோவிட் எல்லாம் டாக்ரோவை ஏற்றும், இதில் பாக்ஸ்லோவிட் மிகப் பல மடங்கு ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான ஃபெனிடோயினும் இறக்கும். பம்பளிமாஸ் பழம் வேண்டாம். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கும் பொடி, லேகியம், கசாயம் எதையும் மருத்துவருக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள். எதிர்ப்பு சக்தியைக் கட்டுக்குள் வைத்திருப்பதால்தான் உங்கள் கிட்னி ஓடுகிறது.

இப்போதைக்கு 3.8-ஐ நம்பி நீங்களாகக் கூட்ட வேண்டாம். சரியான நேரத்தில் ரத்தம் கொடுத்து, கூடவே பி.கே. பி.சி.ஆரும் பாருங்கள். இரண்டின் முடிவும் கையில் இருந்தால்தான் மருத்துவர் எந்தப் பக்கம் போவதென்று தீர்மானிக்க முடியும்.

கேள்வி: ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கிவிட்டது. ரத்தம் ஏற்றினால் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. இரும்புச்சத்தும் ஊசியும் பலன் தரவில்லை.
— வாசகர், விழுப்புரம்

பதில்: ரெட்டிகுலோசைட் (புதிதாக உருவான சிவப்பணு) எண்ணிக்கை பார்த்தார்களா? அது அடிமட்டத்தில் இருந்தால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியே நின்றிருக்கிறது. மாற்று செய்துகொண்டவர்களிடம் இதற்குப் பார்வோ வைரஸ் பி19 ஒரு முக்கியக் காரணம். ரத்தத்தில் பி.சி.ஆர். மூலம்தான் பார்க்க வேண்டும், இவர்களுக்கு எதிர்ப்பணுப் பரிசோதனை ஏமாற்றும். இம்யூனோகுளோபுலின் நரம்பில் ஏற்றி, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைச் சற்றுக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடுவார்கள். மைக்கோபினோலேட்டும் ரத்தத்தைக் குறைக்கும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கேள்வி: டயாலிசிஸில் இருந்தபோது அண்ணனுக்கு ஹெபடைடிஸ் சி வந்தது. மாற்று செய்த பிறகு இப்போது மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். ஏதாவது கவனிக்க வேண்டுமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: சோஃபோஸ்புவிர்-வெல்பாடாஸ்விர் என்றால் தினம் ஒரு மாத்திரை, பொதுவாக 12 வாரம். அனேகமாக முழுதாகக் குணமாகும். முன்பு கொடுத்த இன்டர்ஃபெரான் ஊசி ரிஜெக்‌ஷனைத் தூண்டியது, இந்த மாத்திரையில் அந்தப் பயம் இல்லை. தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள். மாற்று செய்தவர்கள் வயிற்றுக்காகக் காலையில் போடும் பான்டோப்ரசோல் போன்ற மாத்திரை வெல்பாடாஸ்விர் உடலில் சேர்வதைக் கெடுக்கும். அது தேவையா, நிறுத்தலாமா என்று கேளுங்கள். ஈரல் தேறத் தேற டாக்ரோ லெவல் இறங்கக்கூடும், அதனால் அந்த 12 வாரமும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கேள்வி: பி.கே. வைரஸால் தம்பியின் மாற்றுக் கிட்னி போய்விட்டது. மறுபடி டயாலிசிஸ். அவன் மனைவி கிட்னி தர முன்வருகிறாள். அதுவும் இப்படியே போய்விடுமோ?
— வாசகர், ஈரோடு

பதில்: இரண்டாவது மாற்று செய்யலாம், நன்றாகவே ஓடுகிறது. வைரஸ் திரும்ப வருவது சிலருக்கு மட்டும்தான், அதையும் சீக்கிரம் கண்டுபிடித்தால் அடக்கிவிடலாம். ஒரு நிபந்தனை உண்டு. ரத்தத்தில் பி.கே. முழுதாக மறைந்த பிறகே அறுவை செய்ய வேண்டும். பழைய கிட்னியை அதற்காக எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

போகும்போது பழைய பயாப்ஸி அறிக்கையையும், பி.கே. எண்ணிக்கைகளைத் தேதிவாரியாக எழுதிய தாளையும், எந்தத் தேதியில் எந்த மாத்திரை எவ்வளவு குறைத்தார்கள் என்ற குறிப்பையும் எடுத்துப் போங்கள். மருத்துவமனை மாறினால் இது இன்னும் அவசியம். எவ்வளவு மருந்தில் அவருக்கு வைரஸ் எழுந்தது, எவ்வளவில் அடங்கியது என்பதை வைத்துத்தான் புதுக் கிட்னிக்கு டாக்ரோ, மைக்கோபினோலேட் அளவை முடிவு செய்வார்கள். சிறுநீர்க் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் பி.கே.யைத் தூண்டக்கூடியது என்பதால், அதை எப்போது எடுப்பார்கள் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பி.கே. பி.சி.ஆர். அறுவை முடிந்த முதல் மாதமே பார்க்க வேண்டும்.